புல் வெட்டுவோரை நம்பி வாழும் மலைப்பூ

"ஆர்னிக்கா" என்று எழுதப்பட்ட தலையெண்ணெய்ப் போத்தலைக் கடைகளில் எமது வாசகர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். விழுந்து அடிபட்டவேளை ஓமியோபதி வைத்தியரிடம் போனவர்கள், அதே பெயருள்ள சிறிய வெள்ளைக் குளிசைகளை வாங்கியிருக்கவும் கூடும். இவ்வாறு பெயர் எமக்குப் பழக்கமானது. ஆனால் அப்பெயருக்குரிய பூவை எமது நாட்டில் எவரும் வயலிலோ வரம்பிலோ கண்டிருக்க முடியாது. அது ஐரோப்பாவில் மட்டும், பெரும்பாலும் மலைப் புல்வெளிகளில், தானாக வளரும் ஒரு காட்டுப்பூ.

எட்டாத தூரத்து மலைப்பூ ஒன்றைப் பற்றி எமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். இந்தப் பூவின் கதை உண்மையில் நிலத்தைப் பற்றிய கதை. ஒரு நிலத்தை மனிதர் அளவுக்கு மீறி வருத்தினால் என்ன நடக்கும், மனிதரே இல்லாமற் போனால் என்ன நடக்கும் என்ற இரண்டையும் இது காட்டுகின்றது. இரண்டாவது கேள்வியின் பாரத்தை, காணியை விட்டு எழுந்து போகவேண்டி வந்த குடும்பங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

எமக்குத் தெரிந்த குடும்பம்

ஆர்னிக்கா சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. தோட்டத்துச் செவ்வந்தியும், முடி வளர எண்ணெய் காய்ச்சும் கையாந்தகரையும், வெட்டுக்காயத்தில் கசக்கிப் பிழியும் மூக்குத்திப்பூண்டும் இக்குடும்பத்தவையே. இக்குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூவல்ல. நடுவில் நெருங்கி நிற்கும் பல சிறு பூக்களும், ஓரத்தில் இதழ்போல நீண்டு நிற்கும் பூக்களும் சேர்ந்த ஒரு கூட்டம் அது. சூரியகாந்தியின் நடுவட்டத்தை உற்றுப் பார்த்தால் இது விளங்கும்.

எமது காணிகளைப் பாழாக்கும் பார்த்தீனியமும் இதே குடும்பம்தான். ஒரு குடும்பத்தில் நல்ல பிள்ளையும் பொல்லாத பிள்ளையும் இருப்பதுபோல! அதனைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

செடியின் இயல்பு

ஆர்னிக்கா ஒருமுறை பூத்து மடியும் செடியல்ல; பல ஆண்டுகள் வாழ்வது. அதன் தண்டு மண்ணுக்குள் கிடையாகப் படர்ந்து செல்லும். பனிக்காலத்தில் மேலே உள்ளதெல்லாம் பட்டுப்போனாலும், மண்ணுக்குள் இருக்கும் தண்டு உயிரோடு இருந்து வசந்தத்தில் மீண்டும் தளிர்க்கும். இலைகள் நிலத்தோடு ஒட்டி வட்டமாக விரிந்து கிடக்கும். அவற்றின் நடுவிலிருந்து 20 முதல் 60 சென்ரிமீற்றர் உயரமான காம்பு எழும். அதன் நுனியில் செம்மஞ்சள் நிறப்பூ, பெரும்பாலும் யூன், யூலை மாதங்களில் மலரும். அல்ப்ஸ் மலைகளில் ஏறத்தாழ 2,800 மீற்றர் உயரம் வரையிலும் இதனைக் காணலாம். எமது பீதுருதாலகாலை மலையின் உச்சியே 2,524 மீற்றர்தான் என்பதை இங்கு நினைவிற் கொள்க.

இந்தச் செடி விரும்பும் மண்தான் வியப்பானது. சத்துக் குறைந்த, புளிப்புத்தன்மையான, சுண்ணாம்பு இல்லாத மண்ணே அதற்கு வேண்டும். கமக்காரன் "இது உதவாத தரை" என்று ஒதுக்கும் நிலத்திலேதான் அது செழிக்கின்றது. காரணம் எளியது. இலைகள் நிலத்தோடு ஒட்டிக் கிடப்பதால், பக்கத்துப் புல் உயர்ந்தால் அதற்கு வெயில் கிடையாது. ஏழை மண்ணில் புல் உயராது. ஆகவே அங்கே ஆர்னிக்காவுக்கு இடமுண்டு.

இரண்டு விதமான அழிவு

முதலாவது அழிவு, அளவுக்கு மீறிய பசளையால் வருவது. இருபதாம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பிய விவசாயிகள் தமது புல்வெளிகளுக்கு இரசாயனப் பசளையும் சுண்ணாம்பும் இட்டார்கள். புல் இரண்டு மூன்று மடங்காக வளர்ந்தது. மாடுகளுக்குத் தீனி பெருகியது. அவர்கள் செய்தது தவறென்று எவரும் இலகுவில் சொல்லிவிட முடியாது. அவர்களுக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு. ஆனால் உயர்ந்த புல்லின் நிழலில் ஆர்னிக்கா மறைந்தது. நெதர்லாந்திலும் வட ஜேர்மனியின் தாழ்நிலங்களிலும் ஒருகாலம் பரவலாக இருந்த செடி இன்று மிக அரிதாகிவிட்டது. பசளை இடாத இடங்களிலும், தொழிற்சாலைப் புகையும் பண்ணை எருவின் ஆவியும் காற்றோடு கலந்து மழையாய் இறங்கி மண்ணை மாற்றிவிட்டன.

இரண்டாவது அழிவு, கைவிடப்படுவதால் வருவது. மலைப் புல்வெளி என்பது தானாக உண்டான புல்வெளியல்ல. நூற்றாண்டுகளாக மனிதர் மரம் வெட்டி, ஆண்டுக்கொருமுறை புல் வெட்டி, மாடு மேய்த்து வைத்திருப்பதனாலேயே அது புல்வெளியாக இருக்கின்றது. வெட்டுவார் இல்லாமற் போனால் முதலில் காய்ந்த புல் மெத்தைபோல மூடும். பிறகு பற்றை வரும். அதன்பின் ஊசியிலை மரக்கன்றுகள் எழும்பும். கடைசியில் காடு. காட்டின் நிழலில் ஆர்னிக்கா பூப்பதில்லை.

ஆகவே காட்டுப்பூ என்று நாம் சொல்லும் இது, மனிதனின் அரிவாளை நம்பி வாழ்கின்றது. அந்தக் கை பேராசைப்பட்டாலும் சாகும். அந்தக் கை இல்லாமற் போனாலும் சாகும்.

காத்திருக்காத விதை

இங்கே பார்த்தீனியத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு நல்ல செடி பதினையாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளை உண்டாக்கும். அவ்விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, தருணம் பார்த்து முளைக்கும். 1980களின் பிற்பகுதியில் இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு இது வடபகுதிக்கு வந்தது என்பது பரவலான கருத்து. எவ்வாறு வந்திருந்தாலும், ஆட்கள் இல்லாத காணிகளே அதற்கு வாய்ப்பான நாற்றுமேடையாகின. மீளக்குடியமர வந்தவர்களை வரவேற்று நின்றது பல இடங்களில் அந்த வெள்ளைப் பூக்களே.

ஆர்னிக்காவின் குணம் இதற்கு நேர்மாறு. அதன் விதை உறங்குவதில்லை. விழுந்தவுடன், ஈரமும் வெளிச்சமும் கிடைத்தால், ஓரிரு வாரங்களில் முளைக்கும். கிடைக்காவிட்டால் செத்துப்போகும். மண்ணுக்குள் அதற்கு விதைச் சேமிப்பு இல்லை. விதைக்குப் பஞ்சு இருந்தும், பெரும்பாலானவை தாய்ச்செடிக்கு அண்மையிலேயே விழுகின்றன. அத்துடன் ஒரு செடியின் மகரந்தம் அதே செடிக்கு உதவாது. வேறொரு செடியின் மகரந்தம் வரவேண்டும். எனவே சில செடிகள் மாத்திரம் மிஞ்சிய இடத்தில், பூ இருந்தாலும் நல்ல விதை குறைவு.

இதிலொரு ஏமாற்றமும் உண்டு. மண்ணுக்குள் உள்ள தண்டு பல ஆண்டுகள் வாழ்வதால், கைவிடப்பட்ட புல்வெளியிலும் முதிய செடிகள் சில காலம் தொடர்ந்து நிற்கும். பார்ப்பவர் "பூ இருக்கிறதுதானே" என்று எண்ணிக்கொள்வார். குனிந்து தேடினால் ஒரு நாற்றுக்கூட இராது. முதியோர் மாத்திரம் எஞ்சிய கிராமத்தைப் போன்றது அது. அந்த முதிய செடிகள் போனபின், நிலத்தைத் திரும்பத் துப்புரவாக்கினாலும் பூ தானாக வராது. வேறிடத்திலிருந்து விதை கொண்டுவர வேண்டும்.

எமது வித்துநெல்லுக்கும் இதே விதிதான். மொட்டைக்கறுப்பன் போன்ற இனங்கள் யாரோ ஒருவர் ஆண்டுதோறும் விதைத்து, அறுத்து, வித்து எடுத்து வைத்ததனாலேயே எம்மிடம் வந்துசேர்ந்தன. சில போகங்கள் தவறினால் வித்து முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். பார்த்தீனியத்தைப் போலக் காத்திருக்கும் விதைகளும் உண்டு; காப்பவர் வேண்டிய விதைகளும் உண்டு.

மருந்தும் நஞ்சும்

ஆர்னிக்காவை ஏன் தேடுகிறார்கள்? அடிபட்ட வீக்கம், கன்றிப்போன தசை, சுளுக்கு, மூட்டுநோவு ஆகியவற்றுக்கு அதன் பூவிலிருந்து எடுக்கும் சாற்றை ஐரோப்பிய மக்கள் நூற்றாண்டுகளாகப் பூசி வருகின்றனர். பூவிலுள்ள ஹெலனலின் முதலான பொருட்கள் வீக்கத்தைத் தணிக்க வல்லவை என்பதை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. கைவிரல் மூட்டுத்தேய்வு நோயாளர் 204 பேரிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஆர்னிக்காக் களிம்பு இபுபுரோஃபென் களிம்புக்கு ஏறக்குறைய நிகரான பலனைத் தந்தது.

ஆனால் அதே ஹெலனலின் நஞ்சுமாகும். பூவையோ சாற்றையோ உட்கொண்டால் வயிறும் இதயமும் பாதிக்கப்படும். திறந்த புண்ணிலும் பூசக்கூடாது. சிலருக்குத் தோலில் பட்டாலே கடியும் கொப்புளமும் உண்டாகும். பார்த்தீனியம் பிடுங்கியவர்களுக்குக் கை சிவந்து அரிப்பெடுப்பதும் இதனை ஒத்த பொருட்களாலேயே. ஆகவே பார்த்தீனியத்தை வெறுங்கையாற் பிடுங்க வேண்டாம். பூக்குமுன், மண் ஈரமாயிருக்கையில், கையுறையோ பொலித்தீன் பையோ அணிந்து வேரோடு பிடுங்குங்கள். சிறுபிள்ளைகளை இவ்வேலைக்கு விடவேண்டாம்.

ஓமியோபதிக் குளிசை வேறு விடயம். அதில் மூலச் சாறு பலமுறை ஐதாக்கப்படுவதால் பூவின் பொருள் மிகச் சொற்பமே இருக்கும். பெரும்பாலும் இல்லாமலே இருக்கும். களிம்பைப் பற்றிய ஆய்வு முடிவைக் குளிசைக்கோ தலையெண்ணெய்க்கோ பொருத்திப் பார்க்கக் கூடாது.

அப்புசேனி மலை மக்கள்

உலகச் சந்தைக்குப் போகும் ஆர்னிக்காப் பூவில் கணிசமான பங்கு ருமேனியா நாட்டின் மலைகளிலிருந்து வருகின்றது. அங்கே அப்புசேனி என்ற மலைத்தொடரில் கர்தா தெ சூஸ் என்னும் கிராமப் பிரிவு உண்டு. அங்கு வாழும் மக்களை மோட்சி என்பர். மலைச்சரிவும் ஏழை மண்ணும் கொண்ட இடமாகையால், கம்யூனிச ஆட்சிக்காலத்திலும் அரசு இவர்களது காணிகளைக் கூட்டுப்பண்ணையாக்கவில்லை. சில மாடுகள், ஒரு குதிரை, கொஞ்சம் உருளைக்கிழங்கு, காட்டு மரம் என்பனவே இவர்களது சீவனோபாயம். மரத்தாலான தொட்டிகளையும் வாளிகளையும் செய்து, குதிரை வண்டிலில் ஏற்றிச் சமவெளிக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றிக்கொண்டு வருவது இவர்களது பழைய வழக்கம்.

கோடையில் இவர்கள் நீண்ட பிடியுள்ள அரிவாளால் மலைப் புல்லை வெட்டி, உலர்த்தி, பனிக்காலத் தீனியாகச் சேர்த்து வைப்பார்கள். கிடைக்கும் மாட்டெருவை மட்டும் அளவாக இடுவார்கள். இந்த வாழ்க்கைமுறைதான் ஆர்னிக்காவை அங்கே காத்தது. பூவைக் காக்கவேண்டும் என்று நினைத்து எவரும் புல் வெட்டவில்லை. மாட்டைக் காக்கவே வெட்டினார்கள்.

புல் வெட்டுமுன் பூப் பறிக்கும் காலம். பெண்களும் பிள்ளைகளும் பறித்த பூவை அன்றன்றே பச்சையாக வாங்கிப்போக வியாபாரிகள் வருவார்கள். பச்சைப்பூ கூடையில் நெரிந்து சூடேறிப் பழுதாகும் என்பதால், விலை பேச நேரமில்லை. சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான். மரக்கறி மூட்டையைச் சந்தை கலையும் நேரத்தில் விற்றவர்களுக்கு இந்த நிலை நன்கு தெரியும்.

எண்ணினார்கள், உலர்த்தினார்கள்

2004 முதல் 2007 வரை, பிரித்தானியாவின் டார்வின் நிதி உதவியோடு, உலக இயற்கை நிதியமும் க்ளூஜ் நகர விவசாயப் பல்கலைக்கழகமும் இம்மக்களோடு சேர்ந்து ஒரு திட்டத்தை நடத்தின. அவர்கள் முதலிற் செய்தது தடை விதிப்பதல்ல, எண்ணுவது. எந்தப் புல்வெளியில் ஆர்னிக்கா உண்டு, எவ்வளவு உண்டு என்று நடந்து பார்த்து வரைபடம் கீறினார்கள். இருப்பது தெரிந்தபின்னரே எடுக்கக்கூடியது எவ்வளவு என்று பேசமுடியும்.

இரண்டாவதாக, பூவைக் கிராமத்திலேயே உலர்த்த வழிசெய்தார்கள். இது சொல்வதுபோல் இலகுவல்ல. ஆர்னிக்காவை மெதுவாக உலர்த்தினால், பறித்த பின்னும் பூ முதிர்ந்து பஞ்சாகிவிடும். அதை எவரும் வாங்கமாட்டார்கள். மலையிலோ கோடையிலும் மழை. எனவே மிதமான சூடும் நல்ல காற்றோட்டமும் உள்ள உலர்த்தும் அறை தேவைப்பட்டது. ஒரு கிலோ உலர்பூவுக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைப்பூ வேண்டும். ஆனால் உலர்பூ அழுகாது. அதை வைத்திருந்து விலை பேசலாம். தரகரைத் தாண்டி மருந்து செய்பவர்களிடமே விற்கலாம். உலர்த்தும் வேலைக்குரிய கூலியும் ஊருக்குள் நிற்கும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் கடினமானது. பூப் பறிப்பவர் ஒருவர். அந்தப் புல்வெளியை வெட்டிப் பேணுபவர் இன்னொருவராக இருக்கலாம். பறிப்பவருக்கு மட்டும் காசு போனால், வெட்டுபவர் ஏன் வெட்டவேண்டும்? அவர் பசளை இட்டுப் புல்லைப் பெருக்கலாம். அல்லது மாட்டை விற்றுவிட்டு நகரத்துக்குப் போகலாம். இரண்டில் எது நடந்தாலும் பூ இல்லை. பூவின் வருமானத்தில் ஒரு பங்கு புல் வெட்டுபவரைச் சென்றடைந்தால்தான் அடுத்த ஆண்டும் பூ இருக்கும் என்பதே இம்முயற்சியின் அடிநாதம்.

நிதியுதவிக்கு ஒரு முடிவுநாள் உண்டு. இளையோர் மலையை விட்டிறங்கி வேலை தேடிப் போவதற்கு முடிவுநாள் இல்லை. ஓர் உலர்த்தும் அறை அதைத் தடுத்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அரிவாளைக் கீழே வைக்காதிருப்பதற்கு ஒரு குடும்பத்துக்கு மேலுமொரு காரணத்தை அது கொடுக்கும்.

சட்டமும் உடன்பாடும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிடச் சட்டம், ஆர்னிக்காவைப் பறிப்பதை நாடுகள் கட்டுப்படுத்தலாம் என்ற பட்டியலிற் சேர்த்துள்ளது. ஆனால் பறிப்பதைத் தடுத்தால் மட்டும் பூ பிழைக்காது என்பது மேலே சொன்னவற்றிலிருந்து தெளிவாகும். பறித்தால் செடி சாவதில்லை. வேரோடு பிடுங்கினாலே சாகும். எல்லாப் பூவையும் பறிக்காமல் விதைக்கென ஒரு பகுதியை விட்டுவைத்தால் போதும். தடைச்சட்டம் புல் வெட்டாது.

பிரான்சின் வோஸ்ஜ் மலைகளில் மார்க்ஸ்டைன் என்னுமிடத்தில் 2007இல் வேறொரு வழி கண்டார்கள். உள்ளூராட்சிச் சபைகள், காணியைப் பயன்படுத்தும் கமக்காரர், பூப் பறிப்போர், வாங்கும் கம்பனிகள் ஆகியோர் ஒன்றாக இருந்து பேசி ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். பூ உள்ள இடங்களுக்குச் சுண்ணாம்பு இடாமலிருப்பதும் அதிலடங்கும். எனினும் உடன்பாட்டாலும் ஆகாத காரியம் உண்டு. அண்மைய ஆண்டுகளின் வெப்பமும் வறட்சியும் அங்கே பூவை வெகுவாகக் குறைத்துவிட்டன.

எமது பக்கத்துக்கு

ஆர்னிக்காவை எமது மண்ணில் நடலாமா என்று எவரும் கேட்டால், வேண்டாம் என்பதே எமது பதில். எமது வெக்கையில் அது நிற்காது. நாற்று என்று எவராவது விற்கவந்தால் ஏமாறாதீர்கள். எமக்குத் தேவையானது அந்தப் பூவல்ல, அந்த மலை மக்கள் கண்டறிந்த சில விடயங்களே.

உதவாத தரை என்று ஒதுக்கும் மூலையில் என்ன வளர்கின்றது என்பதை, பற்றை வெட்டும் இயந்திரம் வருமுன் ஒருமுறை நடந்து பாருங்கள். மூலிகையோ பழமோ காட்டிலிருந்து எடுத்து விற்பவர்கள், எடுக்குமுன் எவ்வளவு உண்டு என்று எண்ணுங்கள். பச்சையாக விற்பதை உலர்த்தி விற்க முடியுமா என்று கூடிப் பேசுங்கள். காணி ஒருவருக்கும் உழைப்பு இன்னொருவருக்கும் உரியதாயின், இருவருக்கும் பங்கு இருக்கும்படி செய்யுங்கள்.

இன்னுமொன்று. நீண்டகாலம் ஆளில்லாதிருந்த காணிக்குத் திரும்பியவர்கள், தானாகத் திரும்பி வந்தவை எவை, வராதவை எவை என்று எழுதி வையுங்கள். திரும்பி வராதவற்றின் வித்து எங்கோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு பானைக்குள் இன்னும் இருக்கலாம். அந்த வீட்டைத் தேடுவதைத் தள்ளிப்போடலாகாது. அந்த வித்தும் காத்திருக்காது. இன்னும் காணி திரும்பக் கிடைக்காதவர்கள், மூத்தோரிடம் கேட்டு இப்பட்டியலை இப்பொழுதே தொடங்கலாம். காணியின் எல்லையை உறுதியில் எழுதியிருப்பார்கள். அங்கே என்ன வளர்ந்தது என்பதை அந்த மூத்தோர் மட்டுமே சொல்வார்கள்.

கூடிப் பேசுவதற்கு

1. எமது ஊரில் ஆட்கள் இல்லாதிருந்த காலத்தில் பெருகிய செடிகள் எவை? அழிந்த பயிரினங்கள் எவை?
2. அழிந்தவற்றின் வித்து யாரிடம் இன்னும் இருக்கக்கூடும்? யார் போய்க் கேட்பது, எப்பொழுது?
3. நாம் பச்சையாக விற்கும் பொருட்களில் எதனை உலர்த்தி வைக்கலாம்? அதற்கு எத்தனை குடும்பங்கள் சேரவேண்டும்?